ஐயாயிரம் ரொட்டிக்கு ஒரு நாக்கு

மேனேஜர் அந்தத் தாளை மேஜைமேல் வைத்து, திருப்பி, அவள் பக்கம் தள்ளினார். அவர் கையில் கொடுக்காமல் தள்ளினால் விஷயம் விவகாரம் என்று அந்த ரொட்டி ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டாவது தடவை," என்றார்.

தாளில் நிறைய கட்டம் இருந்தது. ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு மை. உப்பு, அனுமதித்த அளவுக்கு மேல்.

தராசு அக்கா தாளைத் தொடவில்லை. ஐம்பத்தொரு வயது, அதில் இருபத்திரண்டு வருஷம் இதே ஃபேக்டரியின் மாவுக் கூடம், ஏழு வருஷமாக அந்தக் கூடத்துக்கே பொறுப்பு. எதையும் இரண்டு தடவை நிறுக்காமல் தொட்டியில் போடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். வைத்தவர் ஃபேக்டரி வேன் டிரைவர். பட்டப்பெயர் வைத்த கையோடு அவளையே கட்டிக்கொண்டார்.

"சார், நான் தப்பா நிறுக்கல."

"அப்ப தராசு தப்பா?"

"தராசையும் படிக்கல் வச்சு நிறுத்துப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசியதுதான் குத்தியது.

"வீட்டுல அவருக்கு அப்படி ஆனதுலருந்து உங்களுக்கும் மனசு ஒரு இடத்துல நிக்காதும்மா. யாருக்கும் வர்றதுதான். அடுத்த சாம்பிள் ஒன்பது நாள்ல எடுக்க வராங்க. அதுவும் போச்சுன்னா கவர்மென்ட்ல லைனை நிறுத்தச் சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே வேற ஆளைப் போட்டுடுவேன். உங்களுக்கு பேக்கிங்ல இடம் இருக்கு. உக்காந்து செய்யற வேலை."

உட்கார்ந்து செய்கிற வேலை. அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் நின்று தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கை தவறியிருக்குமா?

உப்புக் கதை ஆரம்பித்தது ஒன்றரை வருஷத்துக்கும் கொஞ்சம் முன்னால்.

நாட்டில் உள்ள அத்தனை ரொட்டி ஃபேக்டரிக்கும் ஒரே உத்தரவு. மூன்று வருஷத்தில் ஆறு படியாக உப்பைக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் குறைத்தால் ஜனங்கள் ரொட்டியைத் தூக்கி எறிவார்கள், இல்லை மேலே உப்பைத் தூவிக்கொள்வார்கள். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு படி, நாக்குக்குத் தெரியாமல். நூறு கிலோ மாவுக்கு இரண்டு கிலோ உப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் படி ஒன்று எண்ணூற்றைம்பது. பிறகு ஒன்று எழுநூறு. ஒன்று ஐந்நூற்றைம்பது. இப்போது நாலாவது படி, ஒன்று நானூறு. தடுக்கியது இங்கேதான்.

உத்தரவு வந்த புதிதில் உணவுத் துறையிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டே மாவுக் கூடத்தில் நின்று பேசினாள். மாரடைப்பு, பக்கவாதம், ரத்த அழுத்தம் என்று அவள் சொன்னதில் பாதி மிக்சர் இரைச்சலில் போயிற்று. ஆனால் மிக்சர் நின்ற நேரத்தில் சொன்ன ஒன்று மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை டாக்டர் பாத்துக்குவார். தனக்கு பிரஷர் இருக்குன்னே தெரியாம நடமாடறவங்க எங்ககிட்ட வரவே மாட்டாங்க. அவங்க வீட்டுக்குள்ள நான் போக முடியாது. நீங்க தினம் காலையில போறீங்க."

அன்று அதை ஆபீஸ் பேச்சு என்றுதான் தராசு அக்கா நினைத்தாள்.

பத்து மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடைகளுக்கு ரொட்டி இறக்கிக்கொண்டு போன வேன் டிரைவரின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவி மடியில் விழுந்தது. அவர் இடது கையால் வண்டியை ஓரம்கட்டி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அதற்குப் பிறகு வாய் கோணிக்கொண்டது. பால் கடைக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது, ஒரு தட்டு ரொட்டிகூட நசுங்கவில்லை.

பிரஷர் மாத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அட்டை பிரிக்காமல். தலைவலி இல்லாதவனுக்கு எதற்கு மாத்திரை என்பது அவர் வாதம். சாப்பிட உட்கார்ந்தால் ருசி பார்க்கும் முன்னே உப்பு டப்பாவைக் கவிழ்க்கிற மனுஷன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தராசு அக்காவுக்கு உப்பு என்பது ஆபீஸ் பேச்சாக இல்லை. மாவுக் கூடத்து உப்பு அறைச் சாவியைக் கேட்டு வாங்கித் தன் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு தொட்டிக்கும் அவளே நிறுத்தாள். இரண்டு தடவை.

அப்படியும் உப்பு கூடியிருக்கிறது என்கிறது தாள்.

அன்று இரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவள், வழக்கம்போல் மாவுக் கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன உருண்டை மாவை ஈரத்துணியிலிருந்து பிரித்து அவர் வலது கையில் வைத்தாள். கைப் பயிற்சிக்கு ரப்பர் பந்து வாங்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். ரப்பர் பந்தை அவர் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார். மாவு உருண்டையை மட்டும் ஒன்றும் சொல்லாமல் பிசைவார். இருபது வருஷம் ஃபேக்டரி வாசனையில் இருந்த மனுஷன்.

ஜன்னலோர நாற்காலி. நாலு விரல் மெல்ல மடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி முயலும். சுட்டுவிரல் மட்டும் எட்டு மாதமாக அசைய மறுத்தது.

அவள் அடுப்படியில் நின்றபடியே மேனேஜர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பேக்கிங் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது. பதில் சொல்ல நினைத்தாலும் அவருக்கு நாலு வார்த்தைக்கு நாலு நிமிஷம் ஆகும்.

திரும்பிப் பார்த்தபோது அவர் இடது கையால் வலது கை விரலில் ஒட்டிய மாவை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அய்யே, பச்சை மாவுங்க அது."

அவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்...பு," என்றார். "ஜாஸ்...தி."

அவள் சிரித்தாள். எட்டு மாதமாக இந்த வீட்டில் உப்பு என்பது பேருக்குத்தான். முதல் ஒரு மாதம் தட்டைத் தள்ளிவிட்டார், இரண்டாம் மாதம் முறைத்தார், மூன்றாம் மாதம் பழகிவிட்டார். இப்போது வெறும் கேரட்டே இனிக்கிறது என்கிறார். அந்த நாக்குக்கு எதைக் கொடுத்தாலும் உப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் சமையல் மேஜைமேல் நாலு டம்ளர். எல்லாவற்றிலும் ஒரே அளவு வெதுவெதுப்பான தண்ணீர். சமையல் தராசில் உப்பை நிறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அளவு கரைத்து, அடியில் நம்பர் எழுதி, இடம் மாற்றி வைத்தாள்.

"ஒவ்வொரு வாய் நாக்குல வச்சுட்டுத் துப்பிடுங்க. எதுல உப்பு குறைச்சலோ அதை முதல்ல வைங்க. அப்புறம் அடுத்தது."

எதற்கு என்பதுபோல் பார்த்தார்.

"உங்க நாக்கை நிறுக்கறேன்."

அவர் இடது கையால் டம்ளர்களை வரிசையாக நகர்த்தினார். அடியைத் திருப்பிப் பார்த்தாள். சரி. தற்செயலாக இருக்கும் என்று மறுபடி கலைத்தாள். சரி. மூன்றாவது தடவை ஏமாற்றப் பார்த்து, இரண்டு டம்ளரில் ஒரே அளவு கரைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிச் சுவைத்தார், இரண்டையும் ஒட்டி வைத்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான புதிதில் அவள் பொய் சொன்னால் பார்க்கிற பார்வை.

லேபில் முடிவு வர ஒரு வாரம். இங்கே ஒரு நிமிஷம்.

ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த அன்றைய ரொட்டித் துண்டை நீட்டினாள். "முதல் மூணு படியிலயும் தினம் சாப்பிட்டீங்களே, அந்த ருசி ஞாபகம் இருக்கில்ல. இது அதைவிடக் குறைவா இருக்கணும். சரியா இருந்தா ஒரு விரல் காட்டுங்க. கூடினா ரெண்டு. ரொம்பக் கூடினா மூணு."

மென்றார். கண்ணை மூடினார். இடது கையில் மூன்று விரல் எழுந்தது.

அப்படியானால் அவள் கை தவறவில்லை. அவள் நிறுத்துப் போட்ட பிறகு, அடுப்புக்குப் போகும் முன்னால், வேறு ஒரு கை உப்பு போடுகிறது.

யார் அந்தக் கை?

மாவுக் கூடத்தில் அவளைத் தவிர மூன்று பேர். தண்ணீர் அளந்து விடுகிறவன் டேங்க். ஆள் உருவமே தண்ணீர்த் தொட்டி மாதிரி இருப்பான். முதலில் பிசைந்த மாவு நாலு மணி நேரம் பொங்கிக்கொண்டிருக்கும் பெரிய தொட்டிகளைக் காவல் காப்பவர் கடிகாரம். கையில் வாட்ச் கட்டமாட்டார், மாவின் வாசனையிலேயே மணி சொல்வார். பொங்கிய மாவைக் கடைசியாக உப்போடு சேர்த்து அடிக்கிற மிக்சருக்கு ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை, மிக்சர் ஓடும்போதும் அவன் வாய்தான் மேலே கேட்கும். மூன்று பேருமே அவள் கையால் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை வைத்து வந்து உட்கார்ந்தவர்கள்.

உப்பு அறைச் சாவி அவள் கழுத்தில். மூட்டைகளை நிறுத்தாள். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அப்படியானால் உப்பு எங்கிருந்து வருகிறது?

மூன்று நாள் கழித்து, பத்து மணி டீக்கு கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது, கேன்டீன் சித்தி டீயைக் கொஞ்சம் வேகமாகவே வைத்தாள். எல்லோருக்கும் சித்தி, யாருக்கும் பயப்படாதவள்.

"உன் ஆளுங்க ரொட்டி பண்றாங்களா, கருவாடு போடறாங்களா?"

"ஏன் சித்தி?"

"முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் உப்பு போதும் எனக்கு. ஒன்றரை மாசமா தினம் மூணு கிலோவுக்கு மேல மாயமாப் போகுது. மேஜைமேல வச்சா காணோம், அலமாரில வச்சா காணோம். நேத்து அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சேன். டப்பாவைத் திறந்து, உப்பை எடுத்துட்டு, அரிசியை ஒழுங்கா மூடி வச்சிருக்கான். நல்ல குடும்பத்துத் திருடன்."

ஒன்றரை மாதம். நாலாவது படி ஆரம்பித்தது ஒன்றரை மாதத்துக்கு முன்னால்.

தராசு அக்கா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஏழாவது தொட்டிக்கு உப்பைக் கொட்டிவிட்டு, ஆபீஸுக்குப் போகிற மாதிரி கதவு வரைக்கும் போய், மாவு மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றாள். ஐம்பத்தொரு வயதில் ஒளிந்து விளையாடுவது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. ரேடியோ இரண்டு பக்கமும் பார்த்தான். பேச்சை நிறுத்தினான். அதுவே சந்தேகத்துக்கு இடமானது. ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, நிறைய அள்ளி, மிக்சர் மூடியைத் தூக்கி உள்ளே வீசினான்.

"ரேடியோ."

அவன் கை அந்தரத்தில் நின்றது. விரலிடுக்கிலிருந்து நாலு கல் உப்பு தரையில் உதிர்ந்தது.

"அந்தக் கையை அப்படியே கொண்டா. இன்னொரு தடவை அள்ளு. தராசுல போடு."

நூறு கிராம். ஊசி நூறிலேயே நின்றது.

அவன் முதலில் மறுத்தான், பிறகு கெஞ்சினான், கடைசியில் உண்மையைச் சொன்னான். நாலாவது படி வந்ததிலிருந்து மாவு பல்லைக் காட்டுகிறது. உப்புதான் மாவை இறுக்கிப் பிடிக்கிறது, அது குறைந்ததும் மாவு தளர்ந்து மிக்சர் கம்பியிலும் சுவரிலும் ஒட்டுகிறது. முதல் நாளே ஒரு தொட்டி பசை மாதிரி வந்தது. அதை மேனேஜர் பார்த்தால் அக்காவைத்தான் கேட்பார்.

"மாவு கெட்டுச்சுன்னா உங்க பேரு கெடும்க்கா. அவருக்கு வேற இப்படி. ஒரு பிடிதானே, ஒரு பிடியில என்ன ஆயிடப் போகுதுன்னு..."

"ஒரு பிடியில என் வேலை ஆயிடும்டா."

அவன் தரையைப் பார்த்தான். அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே வேறு எதுவோ வந்தது. அதற்குப் பெயர் தேடாமல், ஏப்ரன் பையைத் தலைகீழாகத் தட்டச் சொன்னாள்.

அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். கள்ளனைப் பிடித்தாயிற்று. கடைசித் தொட்டி ரொட்டியை வெட்டி அவரிடம் கொடுத்தாள். மென்றார்.

ஒரு விரல் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்றும் எழுந்தது.

"நல்லாப் பாருங்க. அவன் இன்னிக்குப் போடல. நான் பக்கத்துலயே நின்னேன்."

அவர் இன்னொரு துண்டை வாங்கி மென்றார். அதே இரண்டு விரல். கொஞ்சம் கடுப்போடு.

அவள் மேஜையில் உட்கார்ந்து விரலால் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தொட்டி, ஐயாயிரம் ரொட்டி. தொட்டிக்கு நூறு கிராம் என்றால் ஒரு கிலோ இருநூறு. சித்தியிடம் காணாமல் போவது தினம் மூன்று கிலோவுக்கு மேல்.

மூன்று கிலோ. மூன்று பேர்.

மறுநாள் ஆறு மணிக்கு மிக்சரைப் போடுமுன் மூன்று பேரையும் தராசைச் சுற்றி நிற்கவைத்தாள். ரேடியோ தலையைக் குனிந்திருந்தான். டேங்க் கூரையைப் பார்த்தான். கடிகாரம் தொட்டியை மோந்துகொண்டிருந்தார்.

"ரேடியோ போட்டது எனக்குத் தெரியும். மீதி ரெண்டு பிடி யாருது?"

டேங்க் தொண்டையைச் செருமினான். தண்ணீரில் ஒரு பிடி கரைத்து விடுகிறானாம், தினம், ஒவ்வொரு தொட்டிக்கும். அவன் சொல்லி முடிக்கும் முன்பே ரேடியோ நிமிர்ந்தான்.

"நீயுமாடா? அரிசி டப்பா நீதானா?"

"அரிசி டப்பாவா? நான் அலமாரிதான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அறுபதை நெருங்குகிற மனுஷர், இன்றுவரை யாரிடமும் ஒரு சொல் வாங்காதவர். மூக்கைச் சொறிந்தார்.

"உப்பில்லாம மாவு நேரத்துக்கு முன்னாடியே பொங்கி வழியுது," என்றார் மெதுவாக. "அடக்கறதுக்கு ஒரு பிடி. அரிசியை ஒழுங்காத்தான் மூடி வச்சேன்."

தராசு அக்கா சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள், டேங்க் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும். ஒன்றரை மாதமாக ஒரே கூடத்தில், முதுகோடு முதுகாக நின்று, ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தன், அவள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று, அவள் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கழுத்திலிருந்த சாவிக் கயிற்றைக் கழற்றித் தராசுமேல் வைத்தாள்.

"ஒண்ணு கேட்டுக்கோங்க. உங்க மூணு பேர் கையும் பொய் சொல்லல. மாவு ஒட்டுதுன்னா ஒட்டுது, பொங்குதுன்னா பொங்குது. அதை என்கிட்ட சொல்லியிருக்கணும். வீட்டுல அந்த மனுஷன் ஒரு விரலை மடக்க எட்டு மாசமா போராடறாரு. எனக்காக உப்பு போட்டீங்க. அவருக்காகப் போடாதீங்க. அவர் மாதிரி இன்னும் யாருக்கு ஆகப் போகுதோ, அந்த ஆளுக்காகப் போடாதீங்க. இன்னும் நாலு நாள் இருக்கு. உப்பில்லாம இந்த மாவை அடக்க வழி சொல்லுங்க."

அந்த நாலு நாளைப் பற்றி மாவுக் கூடத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

முதல் நாள் இரண்டு தொட்டி மாவு வீண். நீர்த்த பசைபோல் கம்பியைச் சுற்றிக்கொண்டு, மெஷினை நிறுத்தி, கரண்டியால் சுரண்ட வேண்டியதாயிற்று. மேனேஜர் வந்து வாசலில் நின்று பார்த்தார். சுவர்க் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அன்று நல்ல வெயில், கூடத்துத் தகரக் கூரை அனலாகக் கொதித்தது, மாவு இன்னும் அவசரப்பட்டுப் பொங்கியது. அதைக் கவனித்தவன் டேங்க்தான். வெயில் நாளில் மோசமாகிறது என்றால் குளிர்ந்தால் சரியாகுமே என்று, மறுநாள் ஐஸ் கட்டியை உடைத்துத் தண்ணீரில் கலந்தான். தொட்டிக்கு இரண்டு லிட்டர் தண்ணீரையும் குறைத்தான். மாவின் சேட்டை பாதி அடங்கியது.

கடிகாரம் ஈஸ்டில் ஒரு சிட்டிகை குறைக்கச் சொன்னார். கூடத்தில் இருபது வருஷமாக நாலு மணி நேரம் என்று இருந்ததை மூன்றேகால் என்று மாற்றினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "அது கூப்பிடுது," என்றார். மூன்றாம் நாள் ரேடியோ தன் பங்குக்கு, மிக்சரின் கடைசி வேகத்தில் ஒன்றரை நிமிஷம் குறைத்தான். உப்பு குறைந்த மாவு சீக்கிரம் களைத்துப்போகிறது, அதைப் போட்டு அடிக்காதே, தட்டிக்கொடு என்று பக்கத்து மெஷின்காரனுக்கே பாடம் எடுத்தான்.

நாலாம் நாள் ஐந்தாவது தொட்டி. மூடியைத் திறந்தான். மாவு மிக்சர் சுவரை விட்டு முழுசாகக் கழன்று, ஒரே உருண்டையாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ரேடியோ உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். பச்சைக் குழந்தையின் முதுகில் தட்டுகிற சத்தம்.

தராசு அக்கா ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் இழுத்தாள். காகிதம் போல் விரிந்தது, ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே தெரிந்தது, அறுபடவில்லை. ஒன்று நானூறு. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

ஆய்வாளர் மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்தாள். அவளே தட்டிலிருந்து ரொட்டிகளை எடுத்து, பையில் போட்டு, முத்திரை வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அதே தட்டிலிருந்து இன்னொரு ரொட்டி தராசு அக்காவின் பையில் வீட்டுக்கு வந்தது. அன்று அவள் தனியாக வரவில்லை. மூன்று பேரும் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் போகமாட்டோம் என்று பின்னாலேயே படியேறி வந்துவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் டேங்க் ஒருத்தனே ஒரு அறைக்குப் போதுமானவன்.

அவர் ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பித்தானை ஒரு கையால் போட்டுக்கொண்டார். துண்டை வாங்கினார். அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி, நீதிபதி தீர்ப்பு எழுதுகிற மாதிரி மென்றார். ரேடியோ நகம் கடித்தான்.

இடது கை எழுந்தது. ஒரு விரல்.

அவர்கள் காத்திருந்தார்கள். பக்கத்து விரல் மடங்கியே இருந்தது.

கடிகாரம் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

லேப் ரிப்போர்ட் ஒரு வாரம் கழித்து வந்தது. மேனேஜர் அதைத் தள்ளவில்லை, மாவுக் கூடத்துக்கே எடுத்து வந்து கையில் கொடுத்தார். தராசு அக்கா மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே தெரிந்த செய்தி. அவள் கண் உப்பு அறைப் பக்கம் போயிற்று. முன்னெல்லாம் வாரத்துக்கு மூன்று மூட்டை பிரிப்பார்கள். இப்போது இரண்டு. மூன்றாவது மூட்டை, தையல் பிரிக்காமல், சுவரோரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. இந்த ஊரில் ஒரு மூட்டை. இதுபோல எத்தனை ஊர், எத்தனை ஃபேக்டரி, எத்தனை மூட்டை. ஊர் ரத்தத்துக்குள் போயிருக்க வேண்டியது, போகவில்லை. அவள் போகிற போக்கில் அந்த மூட்டையை, நல்ல மாட்டைத் தட்டுவதுபோல, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெருமுனைக் கடைவரைக்கும் நடப்பேன் என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவை. இடது கையில் தடி, வலது பக்கம் அவள். பதினாறு படி, நாற்பது நிமிஷம். வழியில் தெரிந்தவர்கள் நின்று விசாரித்தார்கள், அவர் தலையை மட்டும் ஆட்டினார். இந்தத் தெருவுக்கு இருபது வருஷம் ரொட்டி இறக்கியவர்.

கடையில் ஒரு பெரியவர் சாமான் வாங்கிக்கொண்டே கடைக்காரரைப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தார். பாலில் தண்ணீர். சோப்பு சின்னதாகிவிட்டது. பஸ் நேரத்துக்கு வருவதில்லை. தீப்பெட்டியில் பாதிக் குச்சி எரிவதில்லை. உலகத்தில் எதுவும் பழையபடி இல்லை. கடைசியில் ஒரு ரொட்டியை எடுத்து, அழுத்திப் பார்த்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது ஒண்ணுதான்யா நான் அன்னிலருந்து சாப்பிட்ட மாதிரியே அப்படியே இருக்கு. அதே ருசி. இதுல எவனும் கை வைக்கல, அதுவரைக்கும் சந்தோஷம்."

தராசு அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. ஐயா, அதில் நாலு பேர் கை வைத்திருக்கிறோம், நாலு தடவை கை வைத்திருக்கிறோம், இன்னும் இரண்டு தடவை வைக்கப் போகிறோம், உங்களுக்கே தெரியாமல் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதுதான் வேலை சரியாக நடந்ததற்கு அத்தாட்சி. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. அவர் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கோணல் இன்னும் முழுசாக விலகாத உதட்டில் ஒரு சிரிப்போடு. இடது கை தடியைப் பிடித்திருந்தது. தொங்கிக்கொண்டிருந்த வலது கை மெல்ல மேலே வந்தது. கட்டைவிரல் நடுங்கியது. பிறகு, எட்டு மாதமாக மறுத்த அந்தச் சுட்டுவிரல், மாவைப் பிசைந்து பிசைந்து தோல் உரிந்த விரல், ஆடிக்கொண்டே எழுந்து நின்றது.

ஒன்று.

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இவருக்கும் ஒரு ரொட்டி வேண்டுமாக்கும் என்று எடுத்து நீட்டினார். தராசு அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.